இரண்டு சாணும் நாலு விரலும்

கந்தப்போடியார் தன்னுடைய மருமகனோடு பேசுவதில்லை. ரொறன்ரோ நகரத்துப் பார்க்டேலில், ஜேம்சன் அவெனியூவில், அந்த மாடிக் கட்டடத்தில் குடியிருந்த தமிழர் அத்தனை பேருக்கும் இது தெரியும். தெரியாமல் இருக்க வழியும் இல்லை. மருமகன் மாமாங்கம் எதிரில் இருப்பான், கறிச்சட்டி மருமகனின் கைக்குப் பக்கத்தில் இருக்கும், போடியாரோ குசினிப் பக்கம் திரும்பி, "மகள், கறியை இஞ்சால தள்ளச் சொல்லு" என்பார். மகள் கனகாம்பிகை அடுப்படியில் நின்றபடி, "இஞ்சருங்க, அப்பாக்குக் கறியைத் தள்ளட்டாம்" என்பாள். மாமாங்கம் தள்ளுவான். உப்புக் காணுமா, போதுமா என்று கேள் என்பான் அவன். உப்புக் காணுமா அப்பா என்பாள் அவள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். கனகாம்பிகைக்கு மூன்று வேளைச் சாப்பாட்டிலும் இடி.

போடியார் என்றால் மட்டக்களப்பில் வயலும் மாடும் ஆட்களும் உள்ள பெரிய மனிதர். கந்தப்போடியாரின் வயல்கள் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கிடந்தன. மாமாங்கமோ வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில், சங்கக்கடையில் சீனி நிறுத்துக் கொடுத்தவன், பின்னேரங்களில் தோணியில் தூண்டில் போட்டவன். ஒன்பது வருடத்துக்கு முந்தி ஒரு மாரிகாலத்தில் கனகாம்பிகை அந்தத் தோணியில் ஏறிவிட்டாள். ஏறியவள் அவள்தான், அதுவும் தானாகவே ஏறினாள். ஆனால் பழி முழுவதும் தோணி வலித்தவனுக்கு.

அந்தப் பகுதி வழக்கப்படி பெண்ணுக்குத் தகப்பன் வீடு கட்டிக் கொடுப்பார், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பான். கந்தப்போடியாரும் மகளுக்கென்று ஓட்டு வீடு கட்டி, கிணறு வெட்டி, கதவுக்குப் பச்சை நிறம் அடித்து வைத்திருந்தார். அது பூட்டியபடியே கிடந்தது. அன்றைக்கு மாமாங்கத்துக்கு அவர் வைத்த பெயர் 'கள்ளன்'. வேறு பெயரால் அவனை அவர் சொன்னதாக யாரும் கேட்டதில்லை.

பிறகு ஊரில் வயதானவர் தனியாக இருக்க ஏலாத காலம் வந்தது. மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டார். கனகாம்பிகை அழுது மன்றாடி ஸ்பொன்சர் பண்ணி, 1988ஆம் ஆண்டு மாசி மாதத்துப் பனியில் தகப்பனை ரொறன்ரோவில் இறக்கினாள். கள்ளன் வீட்டுச் சோற்றைத் தின்பதா என்று போடியாருக்கு ஒரு சங்கடம் இருந்திருக்க வேண்டும். அதற்கு அவரே ஒரு வழியும் கண்டுபிடித்தார். வீடு எப்போதும் பெண்ணுடையது. ஆகவே ஜேம்சன் அவெனியூ அபார்ட்மென்டும் மகளுடையது. தான் மகள் வீட்டில் இருக்கிறார், மாமாங்கமும் அங்கே வந்து குடியிருக்கிறான், அவ்வளவுதான். வாடகையை யார் கட்டுகிறார் என்பது வேறு கதை. பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிறவரிடம் நாலாவது காலைக் காட்டி என்ன பயன்?

மாமாங்கத்துக்கு அந்தப் பச்சைக் கதவு வீடு வேண்டாம். வயலில் ஒரு வரம்புத் துண்டும் வேண்டாம். அந்த வாயால் ஒரு தரம் 'மருமகன்' என்று கேட்டால் போதும். சொன்னால் சின்னப் பிள்ளைத்தனமாக இருக்கும் என்று அவன் அதை யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் தன் வீட்டு மேசையில் தானே ஒரு கதிரையைப்போல் இருப்பது எவ்வளவு நோகும் என்பது இருந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். மாமாங்கத்துக்கு நொந்தது. நன்றாகவே நொந்தது.

இனி அவனுடைய மீன் கதையையும் சொல்லிவிட வேண்டும். மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற இடத்தில் மாமாங்கத்துக்கு வேலை. கனடாவுக்கு வந்த நாள் தொட்டு, வாவியில் பிறந்தவனுக்கு இந்த ஊர்த் தண்ணி எம்மாத்திரம் என்று வாய்ப்பந்தல் போட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வசந்தத்திலும் ஏரிகளில் பனிக்கட்டி உருகியதும் அவனுக்குக் கை அரிக்கத் தொடங்கிவிடும். இருட்டோடு எழும்பி, பழைய டொட்ஜ் காரை உதறி உதறிக் கிளப்பி, நகரத்துக்கு வடமேற்கே மணிக்கணக்காக ஓடி, ஆற்றை மறித்துக் கட்டிய ஒரு ரிசவோயருக்குப் போவான். மூன்று வசந்தம் போனான். கிடைத்ததெல்லாம் விரல் நீளத்தில் மஞ்சள் பேர்ச் மீன்கள். பூனை வளர்த்திருந்தால் அதற்காவது உதவியிருக்கும்.

அவன் படியேறி வரும் சத்தம் கேட்டதும் கனகாம்பிகை ஒன்றும் பேசாமல் டின் மீனைத் திறந்து கறி வைத்துவிடுவாள். மேல்மாடியில் இருந்த அருள்நாயகம், யாழ்ப்பாணத்தார், டாக்ஸி ஓட்டுகிறவர், நாக்கில் சனி உள்ளவர். அவர்தான் இவனுக்கு 'டின்மீன் மாமாங்கம்' என்று பெயர் வைத்தார். கட்டடத்தில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

அந்த வருடம் சித்திரைப் புதுவருடம் ஒரு வேலைநாளில் வந்தது. ஆனாலும் கனகாம்பிகை நேரம் பார்த்துப் பொங்கினாள், தகப்பன் கையால் கைவிசேஷம் கொடுப்பித்தாள். பெரியவர் கையால் வருடத்தின் முதல் காசு வாங்கினால் அந்த வருடம் முழுக்கக் கை நிறையும் என்பது நம்பிக்கை. போடியார் வெற்றிலையில் சில்லறை வைத்து மகளுக்குக் கொடுத்தார். வாழ்த்துச் சொல்ல வந்த அருள்நாயகத்துக்கும் கொடுத்தார். பக்கத்து அபார்ட்மென்ட் ஸ்ரீநிவாசன், கும்பகோணத்துக்காரர், கணக்கெழுதும் வேலையில் இருப்பவர், கைவிசேஷம் என்றால் என்னவென்றே தெரியாதவர், அவருக்கும் கொடுத்தார். வேட்டி கட்டி, திருநீறு பூசி, கடைசியில் நின்ற மாமாங்கத்தைப் பார்க்காதவர்போல் எழும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார்.

எல்லாரும் தங்கள் கையிலிருந்த சில்லறையைப் பார்த்தார்கள். அதைத் தாங்கமாட்டாமல்தான் மாமாங்கம் வாயைக் கொடுத்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எல்லாரும் சாப்பாட்டுக்கு வரவேண்டும் என்றும், தன் கையால் பிடித்த ஏரி மீனில்தான் கறி என்றும், பேர்ச் என்றால் கையளவு பேர்ச்சாக ஒரு வாளி கொண்டுவரப் போவதாகவும் அறிவித்தான். அருள்நாயகம் தலையாட்டிவிட்டு, "டின் திறக்கிற சாமான் நான் கொண்டு வாறன் அண்ணை" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. விடியமுன் புறப்பட நின்றவனைக் கனகாம்பிகை மறித்தாள். சமையல், துப்புரவு என்று வீடு அமளிப்படும், அப்பா குசினிக்குள் வந்து குற்றம் பிடித்துக்கொண்டு நிற்பார், ஆகவே அவரையும் கூட்டிக்கொண்டு போங்க என்றாள். மாமாங்கம் திகைத்தான். மாமனார் வரமாட்டார் என்று நம்பினான். ஆனால் இரண்டு மாதமாகப் பனியையும் சுவரையும் பார்த்துச் சலித்திருந்த போடியார், மகள் சொல்வதால் வருவதாக மகளிடமே சொல்லி அனுப்பினார். பல்கனியில் வெயில் ஏறாமல் வெளியே கால் வைக்கமாட்டேன் என்றும் சொல்லி அனுப்பினார்.

பல்கனியில் வெயில் ஏற நடுக்காலை தாண்டிவிட்டது. மாமாங்கத்துக்கு வயிறெரிந்தது. மீன்பிடி என்றால் விடியல் என்பது அவனுடைய ஊர்ப்பாடம். வாவியில் வெயில் ஏறிய பிறகு தூண்டிலோடு போகிறவனைப் பார்த்து மீன் மட்டுமல்ல, நண்டும் சிரிக்கும். போடியார் ஓவர்கோட், கம்பளித் தொப்பி, மப்ளர் எல்லாம் சுற்றிக்கொண்டு காரின் பின்சீற்றில் ஏறினார். முன்சீற் காலியாகக் கிடக்க, மாமாங்கம் டாக்ஸிக்காரனைப்போல் ஓட்டினான்.

அந்த ரிசவோயரில் ஆள் நடமாட்டம் இல்லை. கரையோரம் இன்னும் பழுப்புப் புல்தான். மரங்களில் இலை வரவில்லை. நிழல் விழுந்த மூலைகளில் அழுக்குப் பனி கிடந்தது. ஆனால் அணைக்கட்டைக் கண்டதும் போடியார் நிமிர்ந்தார். மண்ணைக் கொட்டி உயர்த்தி, தண்ணீர்ப் பக்கம் பெருங்கல் அடுக்கிய கட்டு. தூரத்தில் தண்ணீர் திறந்துவிடுகிற துருசுக்கான சீமெந்துக் கட்டடம். குளத்துக் கட்டில் ஏறி நின்று தண்ணீர் பார்த்தே வயதானவர் அவர். காலை அகட்டி நின்று கட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். அவருக்கு ஒரு கேள்வி வந்துவிட்டது. கேட்க மகள் இல்லை.

கட்டின்மேல் ஒரு பெரிய கனடா வாத்து புல் கொத்திக்கொண்டு நின்றது. போடியார் அதைப் பார்த்து, "இந்தத் தண்ணி எத்தின ஏக்கர் வயலுக்குப் பாயுது?" என்று கேட்டார்.

வாத்து தலையைத் தூக்கியது. மாமாங்கமும் அதையே பார்த்து, "ஒரு ஏக்கருக்கும் பாயல்ல. ஊருக்குள்ள வெள்ளம் போகாம மறிச்சு வச்சிருக்கிறாங்க" என்றான்.

போடியார் வாத்தை நம்பாமல் பார்த்தார். இவ்வளவு பெரிய கட்டைக் கட்டிவிட்டு ஒரு மரைக்கால் நெல்லும் விதைக்காத ஆட்களா என்று அதையே கேட்டார். வாத்து பதில் சொல்லவில்லை. கனடாக்காரர் விவசாயம் தெரியாதவர்கள் என்ற முடிவோடு அவர் உட்கார இடம் தேடினார்.

மாமாங்கம் வழமையாகப் போவது மறுகரையில் மர நிழலும் ஆழமும் உள்ள இடத்துக்கு. இன்றைக்கும் அங்கேதான் நடந்தான். போடியார் இரண்டடி வந்து, குளிர் என்று வாத்துக்குச் சொல்லிவிட்டு, அணைக்கட்டின் கற்களில் வெயில் நன்றாகக் காய்கிற இடமாகப் பார்த்து மேலே உட்கார்ந்துவிட்டார். கிழவரைத் தண்ணீர்க் கரையில் தனியே விட்டுவிட்டுப் போனால் கனகாம்பிகை என்ன செய்வாள் என்பது மாமாங்கத்துக்குத் தெரியும். அவன் வாய்க்குள் முணுமுணுத்தபடி திரும்பி வந்து, அவருக்குக் கீழே, தண்ணீர் விளிம்பில் ஒரு கல்லில் இருந்தான். புழுவைக் கொழுவினான், சின்ன ஈயக்குண்டோடு எறிந்தான், மனம் இல்லாமல்தான் எறிந்தான்.

பிளாஸ்கில் தேநீர் இருந்தது. தூண்டில் கோலைக் கல்லிடுக்கில் குத்தி வைத்துவிட்டு எழும்பி அதன் மூடியில் ஊற்றினான். கையில் கொடுத்தால் வாங்கமாட்டார். ஆகவே இருவருக்கும் நடுவில் ஒரு தட்டையான கல்லில் மூடியை வைத்துவிட்டு விலகினான். தேநீர் கல்லுக்குப் போய், கல்லிலிருந்து போடியாருக்குப் போனது. பிறகு கடிக்க ஒரு பணிஸ் போனது. பிறகு இன்னொரு தேநீர். இந்த உபசாரம் நடந்த நேரம் முழுவதும் புழு அடியில் அசையாமல் கிடந்தது. மற்ற நாளாக இருந்தால் மாமாங்கத்தின் கை சும்மா இருந்திராது. வாவியில் பழகிய கை, எறிந்த உடனே சுண்டிச் சுண்டி இழுக்கும். பனி உருகிய தண்ணீரில் மீனுக்கு அவ்வளவு அவசரம் கிடையாது என்பது அந்தக் கைக்கு மூன்று வசந்தமாகியும் ஏறவில்லை. மீனும் போடியாரைப் போலத்தான். குளிர் தாங்காமல், வெயிலில் சூடேறிய கல்லடி தேடி நடுப்பகலில் வந்து கிடந்திருக்கிறது.

கோல் மெல்லத் தலையாட்டியது. நூல் கல்லைத் தொட்டபடி பக்கவாட்டில் நகர்ந்தது. மாமாங்கம் பாய்ந்து எடுத்துத் தூக்கினான். கல்லில் மாட்டியதுபோல் நின்றது. பிறகு அந்தக் கல் ஓடத் தொடங்கியது.

நூல் சுற்றிய சுருள் கிரீச்சிட்டது. கோல் வில்லாக வளைந்தது. கொஞ்சத் தூரத்தில் தண்ணீர் உடைந்து ஒரு மீன் முழுசாக மேலே வந்தது. வெண்கலப் பானையின் நிறம், பக்கத்தில் கரும்பட்டைகள், சிவந்த கண். தலையை உதறிவிட்டுத் தொப்பென்று விழுந்தது. அந்தச் சத்தத்தில் வாத்து இறக்கையடித்துப் பறந்துபோனது. ஸ்மோல்மவுத் பாஸ் என்று இங்கத்தைய ஆட்கள் கொண்டாடுகிற மீன் அதுதான். வேலையிடத்தில் படத்தில் பார்த்திருக்கிறான். நூலில் கண்டது இன்றைக்குத்தான். அவனுடையது மெல்லிய நூல், பேர்ச்சுக்கென்று வாங்கியது. இழுத்தால் அறும். விட்டால் போகும். கொடுத்தான், எடுத்தான், மறுபடி கொடுத்தான். வெயில் நேரே தண்ணீரில் அடித்துக் கண்ணைக் கூசவைத்தது. மீன் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.

மேலே இருந்த போடியாருக்குத் தெரிந்தது. உயரத்திலிருந்து பார்க்கிறவருக்குக் கண்ணாடி மாதிரித் தெரிந்தது. தண்ணீருக்கடியில் செத்த மரம் ஒன்று கொம்பு விரித்துக் கிடந்தது. மீன் அதை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. நூல் ஒரு தரம் அந்தக் கொம்பில் சுற்றினால் முடிந்தது கதை. போடியார் எழும்பினார். வாயைத் திறந்தார். வாத்தைத் தேடினார். வாத்து இல்லை. மகள் பார்க்டேலில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். ஒன்பது வருட வைராக்கியம் ஒரு பக்கம், மரக்கொம்பு மறுபக்கம். வைராக்கியம் தோற்றது.

"டேய் கள்ளா, இடக்கைப் பக்கம் இழு. வலப்பக்கம் மரம் கிடக்கு."

மாமாங்கம் கோலைக் கைநழுவ விட்டிருப்பான். மீனால் அல்ல, அந்தக் குரலால். ஆனால் கை தன்பாட்டில் இடப்பக்கம் சாய்ந்து இழுத்தது. நூல் விண்ணென்றது. மீனின் தலை திரும்பியது. "அப்படித்தான், இன்னும், இன்னும், இப்ப விடு" என்று மேலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. வயலில் ஏர் பிடிக்கிறவனுக்குக் கட்டளை கொடுத்துப் பழகிய குரல் அது. மாமாங்கம் கீழ்ப்படிந்தான். இருவருமாக அதை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து கல்லடிக்குச் சேர்த்தபோதுதான், அள்ளுவதற்கு வலை இல்லை என்பது நினைவுக்கு வந்தது. விரல் நீளப் பேர்ச்சுக்கு யார் வலை கொண்டுபோவார்கள்?

போடியார் கற்களில் தாவி இறங்கினார். சப்பாத்தோடு, காற்சட்டையோடு, பனிக்கட்டி உருகி ஒரு மாதமும் ஆகாத அந்தத் தண்ணீரில் முழங்கால்வரை இறங்கி, இரண்டு கையாலும் மீனை வாரி நெஞ்சோடு அணைத்துத் தூக்கினார். ஓவர்கோட் நனைந்தது. தொப்பி எங்கோ போய்விட்டது. ஊரில் செருப்பைக்கூட ஆள்விட்டு எடுப்பிக்கிற மனிதர் அவர். முகம் முழுக்கச் சிரிப்பாக நின்றார்.

வயிறு பெருத்துச் சினை முட்டிய பெண்மீன். போடியார் அதை மாமாங்கத்தின் கையில் கொடுத்து, தண்ணீர் மட்டத்தில் பிடிக்கச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு, கையை விரித்து வாலிலிருந்து தலைவரை அளந்தார். இரண்டு சாண். அதற்குமேல் நாலு விரல். போடியாரின் சாண் சின்னச் சாண் அல்ல.

மாமாங்கத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதைக் கொண்டுபோய் மேசையில் போட்டால் அருள்நாயகம் ஆயுளுக்கும் வாய் திறக்கமாட்டார். அதே நேரம் ஒன்று நினைவுக்கு வந்தது. மீன்பிடி லைசென்ஸ் எடுத்தபோது கடைக்காரன் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம் அது. பேர்ச் பிடிக்கலாம். பாஸ் ஆனி மாதக் கடைசிவரை கூடாது, தவறிக் கொழுவினாலும் அந்தக் கணமே தண்ணீரில் விட வேண்டும்.

அதை அவன் தண்ணீரைப் பார்த்துச் சொன்னான். போடியார் வெறுங் கரையைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார், பிறகு துருசுக் கட்டடத்திடம், "பையில போட்டா ஆர் காணப் போறாங்க?" என்றார்.

உண்மைதான். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மனிதர் இல்லை. வீட்டில் தேங்காய்ப்பால் பிழிந்திருப்பாள், புளி கரைத்திருப்பாள், ஆட்கள் வந்து குந்தியிருப்பார்கள். மாமாங்கம் மீனைப் பார்த்தான். பிறகு தலையைத் தூக்கி, ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக, நேரே அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

"ஒருத்தரும் காணமாட்டாங்க மாமா. ஆனா ஒரு களவுக்கே ஒம்பது வருசமாப் பேச்சுக் கேக்கிறன். இன்னொண்டு என்னால ஏலா."

தூண்டிலைக் கழற்றினான். கையைத் தளர்த்தினான். மீன் கொஞ்ச நேரம் கல்லடியில் செவுளை அசைத்தபடி நின்றது. பிறகு வாலை ஒரு அடி அடித்து ஆழத்துக்குப் போய்விட்டது. இருவரும் அது போன இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

போடியார் அணைக்கட்டில் ஏறி, தொப்பியைத் தேடி எடுத்து, காரின் பின்சீற்றில் ஏறிக்கொண்டார். மாமாங்கம் ஹீட்டரை உச்சத்தில் போட்டு ஓட்டினான். கண்ணாடியில் பார்த்தபோது கிழவர் கண்ணை மூடியிருந்தார். அவ்வளவு பாடுபட்டும் கிடைத்தது 'டேய் கள்ளா' தானே என்று நினைத்தபோது மாமாங்கத்துக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

வெறுங்கையோடு கதவைத் திறந்தபோது வீடு நிறைய ஆட்கள். அருள்நாயகமும் மனைவி வேரோனிக்காவும் சாப்பாட்டு மேசையில் முன்கூட்டியே இடம் பிடித்திருந்தார்கள். ஸ்ரீநிவாசன் தன் தயிர்சாதத்தை வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார். கனகாம்பிகை கணவனின் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், குசினிக்குள் போனாள். டின் திறக்கும் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தத்துக்கு எழுந்த சிரிப்பை மாமாங்கம் நின்று வாங்கிக்கொண்டான். போடியார் உடுப்பு மாற்ற அறைக்குள் போய்விட்டார். கறி மேசைக்கு வந்ததும் அருள்நாயகம் விடவில்லை. வாளி எங்கே, பேர்ச் எங்கே என்று துளைத்தார். சொல்லக்கூடாது என்றுதான் மாமாங்கம் நினைத்திருந்தான். ஆனால் வாய் அடங்கவில்லை. பாஸ் பிடித்தேன், விட்டுவிட்டேன் என்றான். எவ்வளவு பெரிசு என்று கேட்டார்கள். நம்பமாட்டார்கள் என்ற பயத்தில் அவன் கையைக் கொஞ்சமாக விரித்துக் காட்டினான்.

"பிடிச்சவர், விட்டிட்டாராம்" என்றார் அருள்நாயகம், மேசையைச் சுற்றிப் பார்த்து. "கதையெண்டாலும் ஒரு கணக்கு வேணும் அண்ணை. கறிக்கு ஆக்கள் காத்திருக்க, கைக்குள்ள வந்த மீனை ஆர் விடுவினம்?"

விட்டது மிகவும் நல்ல காரியம் என்று ஸ்ரீநிவாசன் தயிர்சாதத்துக்கு மேலிருந்து சொன்னார். அதற்கும் சிரித்தார்கள். வேரோனிக்காகூட வாயைப் பொத்தினாள். மாமாங்கம் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தான். மீனை விட்டபோது இல்லாத கவலை இப்போது வந்தது. கண்டவர் ஒரே ஒருவர். அவரும் தன்னோடு பேசாதவர்.

அறைக் கதவு திறந்தது. போடியார் வேட்டியும் ஸ்வெட்டருமாக வந்து மேசைத் தலைமாட்டில் நின்றார்.

"அவர் காட்டின அளவு பிழை" என்றார்.

போடியார் நடுவிலிருந்த தண்ணீர்க் கிளாஸ்களை ஒதுக்கி, மேசை விரிப்பில் கையைப் பரத்தி, ஒரு சாண் வைத்தார். பெருவிரலைத் தூக்கி இன்னொரு சாண் வைத்தார். அதற்குப் பக்கத்தில் நாலு விரலைச் சேர்த்து அழுத்தி வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. எல்லாரும் அந்த இடைவெளியைப் பார்த்தார்கள். வேரோனிக்கா தன்னையறியாமல் தட்டைப் பின்னால் இழுத்து இடம் கொடுத்தாள்.

"நான் கண்டனான். நான்தான் தண்ணிக்குள்ள இறங்கித் தூக்கினனான். மகள், என்ர சப்பாத்துக் குளிக்கிற அறைக்குள்ள இருக்கு, தண்ணி வடியுது, கொண்டு வந்து இந்தத் தம்பிக்குக் காட்டு. ஆத்தில போட்டாலும் அளந்து போடெண்டு சொல்லுவாங்க. நான் அளந்துதான் விட்டனான்."

அருள்நாயகம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். போடியார் முடிக்கவில்லை.

"வயிறு முட்டச் சினை, தம்பி. விதைநெல்லைக் குத்திச் சோறாக்கிற ஆக்கள் இல்ல நாங்க. ஒரு குருவியும் காணாத இடத்தில, கைக்குள்ள கிடந்த மீனை விட்ட மனிசன், என்ர மருமகன். கள்ளன் எண்டால் விடுவானா?"

அருள்நாயகம் கையில் பிடித்திருந்த டின் திறக்கிற சாமானை மெல்ல மேசைக்குக் கீழே கொண்டுபோனார். மாமாங்கம் நிமிர்ந்து பார்க்கவில்லை. நிமிர்ந்தால் கண்ணீர் சோற்றில் விழும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் முதுகு தானாக நேரானது. வாவியில் முதன்முதல் தனியாகத் தோணி வலித்த நாளில்கூட அவன் அப்படி உட்கார்ந்ததில்லை.

போடியார் கதிரையை இழுத்து அமர்ந்தார். தட்டில் சோறு போட்டார். கறிச்சட்டி வழமைபோல மாமாங்கத்தின் கைக்குப் பக்கத்தில் இருந்தது. கனகாம்பிகை குசினி வாசலில் அகப்பையோடு நின்றாள்.

"மருமகன்," என்றார் போடியார், "அந்த டின்மீனை இஞ்சால தள்ளுங்க."

"இஞ்சருங்க, அப்பாக்கு..." என்று தொடங்கிய கனகாம்பிகை, பாதியில் நிறுத்தினாள்.

கறி அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தது.